இல்லமும் உலகமும்: பாரிஸில் ஒரு மணநாள் விருந்து



நம் சங்கக் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் சென்ற திங்கள் எனக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். அவருடைய மகன் பாரிஸ் மாநகரில் பணிபுரிகிறார். பெற்றோரின் நாற்பதாம் மணநாளை முன்னிட்டு இருவரையும் அங்கு வரவழைத்து, பெயர்பெற்ற பிரெஞ்சு உணவகம் ஒன்றில் விருந்தளிக்க விரும்புகிறார். இரண்டு பெயர்களைக் குறிப்பிட்டு, எதனைத் தேர்வது என்று கேட்டிருக்கிறார். தந்தையார், ஊரை விட்டு வடக்கே வந்த பின் வெளியிடங்களில் புலால் உண்ணப் பழகியவர். தாயாரோ பிறந்தது முதல் மரக்கறி உணவன்றி வேறு அறியாதவர். “எங்கு வேண்டுமானாலும் செல்லலாம், எனக்கு ஒரு துண்டு ரொட்டியும் ஒரு பழமும் போதும் என்று எழுதிவிட்டேன். ஆயினும் தங்கள் கருத்து யாது?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

மகன் குறித்த முதல் உணவகம் ‘லா தூர் தார்ஜான்’. ‘வெள்ளிக் கோபுரம்’ என்பது அதன் பொருள். ஸேன் ஆற்றங்கரையில் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் அமைந்தது. சாளரத்தின் வழியே பார்த்தால் நோத்ர தாம் பேராலயம் கண்முன் நிற்கும். 2019-இல் தீக்கிரையாகி, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அதே ஆலயந்தான். அவ்வுணவகத்தின் புகழ் முழுவதும் வாத்து இறைச்சியில் இருக்கிறது. சமைத்த வாத்தின் எலும்புக்கூட்டை வெள்ளியாலான அழுத்துபொறியில் இட்டுப் பிழிந்து, அந்தச் சாற்றிலேயே குழம்பு செய்வர். 1890 முதல் ஒவ்வொரு வாத்துக்கும் வரிசை எண் இட்டு, அந்த எண் பொறித்த அட்டையை உண்பவரிடம் கொடுத்து வருகின்றனர். 2003-இல் அவ்வெண் பத்து இலட்சத்தை எட்டியது.

இரண்டாவது ‘ஆர்பேஜ்’. ரோதேன் சிற்பக் காட்சிசாலை இருக்கும் வாரேன் தெருவிலேயே, 1986-இல் ஆலேன் பாஸார் என்னும் சமையற்கலைஞர் தொடங்கியது. இங்கே ஆற்றுக் காட்சியும் இல்லை, பழம்பெருமையும் இல்லை. ஆனால் பாஸார் 2001-இல் மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி வகைகளைத் தம் உணவுப் பட்டியலிலிருந்து நீக்கினார். காய்கறிகளைத் தம் சொந்தத் தோட்டங்களில் விளைவிக்கலானார். 2025 ஜூலையில் மீன், முட்டை, பால், வெண்ணெய் யாவற்றையும் விலக்கி, தேன் ஒன்று நீங்கலாக, முற்றிலும் தாவர உணவே பரிமாறுவதென்று முடிவு செய்தார்.

நட்சத்திரங்களைப் பார்த்துத் தேர்ந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மிஷலின் என்னும் மோட்டார் டயர் நிறுவனம் 1900-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 1926 முதல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கலாயிற்று. ஒன்று நல்ல உணவகத்தையும், இரண்டு வழி விலகிச் செல்லத் தக்கதையும், மூன்று அதற்கென்றே பயணம் மேற்கொள்ளத் தக்கதையும் குறிக்கும். வெள்ளிக் கோபுரம் தன் மூன்றாம் நட்சத்திரத்தை இழந்த 1996-ஆம் ஆண்டிலேயே ஆர்பேஜ் தன் மூன்றாம் நட்சத்திரத்தைப் பெற்றது. ஆயினும் நட்சத்திரம் தட்டில் உள்ள உணவின் தரத்தையே கூறும். அந்தத் தட்டின் முன் அமர்பவர் யார் என்பதை அது அறியாது. அதனை அறிந்தவர் மகன் ஒருவரே.

பிரெஞ்சுச் சமையலில் மரக்கறியாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘ரெஸ்டாரண்ட்’ என்ற சொல்லே ஆதியில் உணவுச் சாலையைக் குறிக்கவில்லை. நலிந்த உடல் தேறுவதற்காகக் காய்ச்சிய இறைச்சிச் சாற்றையே குறித்தது. இன்றும் அந்நாட்டுக் குழம்புகள் பலவற்றுக்கு எலும்புச் சாறே அடிப்படை. புகழ்பெற்ற வெங்காயச் சூப்பும் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் ஆனதே. பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. ஆகவே, “இறைச்சித் துண்டுகளை மட்டும் நீக்கிவிடுங்கள்” என்று சொல்வது போதாது. இடம் பதிவு செய்யும்போதே, சாறும் கொழுப்பும் உட்பட எவையெல்லாம் ஆகா என்பதைப் பிரெஞ்சு மொழியில் தெளிவாக எழுதி அனுப்புதல் வேண்டும்.

செலவையும் மறைக்க வேண்டியதில்லை. ஆர்பேஜில் மதிய விருந்து ஒருவருக்கு 260 யூரோ என்று 2025-இல் செய்திகள் வெளியாயின; நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். இரவு விருந்துக்கு இன்னும் மிகுதி. எனவே பகலே ஏற்றது. பரிமாறுவோர்க்குரிய கட்டணம் விலையிலேயே அடங்கிவிடும். குடுவையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் அதற்கு விலையில்லை. மது அருந்தியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அம்மையீர், என் கருத்தைக் கேட்டீர்கள், கூறுகிறேன். ஆர்பேஜுக்கே செல்லுங்கள். மோர் இல்லாமல் உணவு முடிவது தங்களுக்குப் புதுமையாக இருக்கும். அதனை ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் “எனக்கு ஒரு துண்டு ரொட்டி போதும்” என்று எழுதினீர்களே, அதனைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மொழி தெரியாத ஊரில் குடித்தனம் அமைத்து, அனைவர்க்கும் பரிமாறிய பின் மிஞ்சியதை உண்டு நாற்பது ஆண்டுகள் கழித்தவர் நம் இல்லங்களில் தாங்கள் ஒருவர் மட்டும் அல்லர். மணநாள் விருந்திலும் தாங்கள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு மற்றவர் உண்பதைப் பார்த்திருப்பீர்களாயின், அது தங்கள் மகன் அளித்த விருந்து ஆகாது. முதலிலிருந்து இறுதிவரை ஒவ்வொரு தட்டையும் ஐயமின்றித் தொடக்கூடிய இடமே தங்களுக்கு உயர்ந்த இடம்.

தங்கள் கணவர்க்கும் ஒரு சொல். ஆற்றங்கரை நடைபாதைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. விருந்து முடிந்து, மாலையில் இருவரும் அங்கு நடந்து சென்று நோத்ர தாமைக் கண்குளிரக் காணலாம். வாத்து உண்ணும் ஆவல் இருப்பின், மறுநாள் மகனுடன் ஒரு சிற்றுணவகத்துக்குச் சென்று அதனையும் நிறைவேற்றிக்கொள்ளலாம். ஒரு வேளை காய்கறி உண்பதால் அவருக்கு வரும் குறை ஒன்றுமில்லை. தம் மனைவியார் வயிறார உண்பதை எதிரில் அமர்ந்து காணும் வாய்ப்பு அவருக்கும் அரிதாகவே கிடைத்திருக்கும்.

சென்று வந்தபின், என்னென்ன உண்டீர்கள் என்பதை மறவாமல் எழுதுங்கள். நம் வாசகர்கள் அறிய விரும்புவர்.