தலைவர்களின் கணக்கும் மக்களின் தலைகளும்

உலகத் தலைவர்களைக் கண்டு பொறாமை கொள்வோர் பலர். நமக்கோ அவர்கள்பால் இரக்கமே உண்டாகிறது. உழவனுக்கு மழை வருமா என்னும் கவலை ஒன்றுதான். வைத்தியருக்கு நோயாளி பிழைப்பானா என்னும் கவலை ஒன்றுதான். தலைவருக்கோ எந்த நாட்டை எங்கே வெட்டுவது, எவரை எந்தப் பக்கம் தள்ளுவது, தள்ளிய பின் படத்துக்கு எப்படிப் புன்னகைப்பது என்று ஆயிரம் கவலைகள்! ஐயோ பாவம், அவர்கள் உறங்குவது எப்போது?

1884-85இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய வல்லரசுகள் ஆபிரிக்காவைப் பங்கிடும் விதிகளை வகுத்தன. அம்மேசையில் ஆபிரிக்கர் ஒருவரும் இல்லை. 1947இல் இந்தியாவைக் கூறுபோட அழைக்கப்பட்ட சேர் சிறில் ராட்கிளிஃப், அதற்கு முன் இந்திய மண்ணை மிதித்தறியாதவர். ஐந்தே வாரங்களில் எல்லைக் கோட்டைக் கீறி முடித்தார். நோயாளியின் முகத்தையே காணாதவர்தாம் நடுநிலையான வைத்தியர் என்பது இராசதந்திரத்தின் துணிபு போலும்!

ஆனால் இந்த வேடிக்கையைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மாத்தளைத் தோட்டங்களின் கதையே போதும்.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளரின் முன்னோர். வழியிலே வாந்திபேதிக்கு இரையானோர் எத்தனையோ பேர். எஞ்சியோர் காடழித்துத் தோட்டம் கண்டனர். அவர்களின் வழிவந்தோரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கியது. அதன் பின்னர்தான் இரு நாட்டுத் தலைவர்களுக்கும் 'கடினமான தேர்வு' வந்து சேர்ந்தது.

1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் புது டில்லியில் ஒப்பந்தம் செய்தனர். கணக்கில் எடுத்த உயிர்கள் 975,000. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. ஏழுக்கு நான்கு என்ற விகிதம்! மீதி 150,000 பேரைப் 'பிறகு பார்ப்போம்' என்று ஒதுக்கி வைத்தனர். மிளகு பங்கிடும் மாத்தளை உழவன் எவனும், பங்காளிகள் இருவருக்கும் அளந்து கொடுத்துவிட்டு மூன்றாவது மூட்டையை மழையில் விட்டுப் போகமாட்டான். அவன் உழவன், இராசதந்திரி அல்லன்.

அந்த ஒன்றரை இலட்சத்துக்கு 1974இல் விடை கிடைத்தது. இங்கே 75,000, அங்கே 75,000. இரண்டால் வகுக்க இரு அரசுகளுக்கும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது! நம் பாடசாலைப் பிள்ளை இவ்வளவு தாமதித்தால் ஆசிரியர் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார்.

மக்களோ விகிதத்துக்குக் கட்டுப்படவில்லை. இந்தியப் பிரசாவுரிமை கேட்டோர் ஒதுக்கிய தொகையை எட்டவில்லை. இலங்கைப் பிரசாவுரிமை கேட்டோர் ஒதுக்கிய தொகையினும் மிகப் பலர். பிறந்த மண்ணை விட மனம் ஒவ்வாமை என்பது கணக்கில் அடங்காத ஒன்று. ஆயினும் இலட்சக்கணக்கானோர் போயினர். அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையகம் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. காக்கைக்குத் தெரியுமா எருதின் நோவு?

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கணக்கும் அந்தரத்தில் நின்றது. ஈற்றில், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகளாகலாம் என 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. கூறுபோட்ட நாளே உரிமைக்கு அளவுகோல் ஆயிற்று! நேரான இம்முடிவுக்கு வர 39 ஆண்டுகள்; இடையில் பிரிந்த குடும்பங்களுக்கு ஈடு சொல்வார் எவருமில்லர்.

கதை இத்துடன் முடிந்ததா? இல்லை. 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மக்கள் நடந்தனர். ஆகஸ்ட் 12இல் அந்நடை மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் வேலை தேடி நடந்தனர். பேரர்கள் காணியுரிமை கேட்டு நடந்தனர். வாக்குரிமை உண்டு; ஆனால் எத்தனையோ குடும்பங்களுக்கு லயன் காம்பிரா இன்னும் சொந்தமில்லை. 7 பேர்ச்சா, 10 பேர்ச்சா என்று ஆட்சிக்கு ஆட்சி பேச்சு நடக்கிறது. 160 பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர் என்பது உழவருக்குத் தெரியும். தனியொருவர் 50 ஏக்கர் வரை வைத்திருக்கலாம் என்று 1972இல் சட்டம் செய்த நாட்டில், இது அத்துணைக் கடினமான தேர்வா?

தமக்கு நட்டம் வருமிடத்தில் மட்டுமே தலைவர்கள் 'கடினம்' என்கின்றனர். பிறர் வீட்டைப் பிரிக்கையில் அவர்களின் பேனா தயங்கியதில்லை. ஆகவே ஒரு சிறு யோசனை: எவருடைய வாழ்வைத் தீர்மானிக்கப் போகின்றீர்களோ, அவருக்கு முதலில் மேசையில் ஒரு நாற்காலி போடுங்கள். பாதிக் கடினம் அங்கேயே தீரும். மற்றப் பாதி காணி உறுதியில் கையொப்பமிடும்போது தீரும்.