தவ்பாவும் பரிசோதனையும்

வழிதவறிய ஓர் இரவுக்குப் பின், நோய் தொற்றியிருக்குமோ என்று எவருக்கும் சொல்லாமல் வெந்து கொண்டிருப்போர் நம் குமரி மாவட்டத்து மஹல்லாக்களிலும் இருக்கக்கூடும்.

விபச்சாரம் ஹராம் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும் பாவத்திற்குத் தவ்பா, நோய்க்கு மருத்துவம். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடலாகாது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். பிந்தியவர்கள் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம்; 3 மாதம் கழித்து மீண்டும் சோதிப்பது நல்லது. முடிவை இரகசியமாகக் காப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. சிபிலிஸ் போன்றவை மருந்தால் குணமாகும்.

அறிகுறி இல்லையென்று மறைப்பது, ஏதுமறியாத மனைவிக்கும் கருவிலுள்ள பிள்ளைக்கும் இழைக்கும் அநீதி. பெற்றோரே, மகன் வாய் திறந்தால் ஏசாதீர்கள். அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.