எல்லை உறைவதற்குள் ஜவ்வாது மலை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளியாகிவிட்டது. மாவட்ட, வட்ட எல்லை மாற்றங்களை 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துக்கொள்ளும்படி மாநிலங்களுக்குக் கடிதமும் போய்விட்டது. கணக்கெடுப்பைத் தொடரும் தொகுதி மறுவரையறை என்றதும் நம் துறையினர் மக்களவை இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டின் பழங்குடித் தொகுதிகளுக்கு முதல் கெடு டிசம்பர் 31.

உப்பிலியபுரத்தை மறந்துவிட்டோம். 2006 தேர்தல் வரை ஏற்காடு, சேந்தமங்கலத்தோடு மூன்றாவது பழங்குடித் தொகுதியாக இருந்தது அது. குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் கையில் எடுத்த 2001 கணக்கின்படி பழங்குடியினர் 6.51 லட்சம், 1.04 விழுக்காடு. 234 சட்டமன்ற இடங்களில் அது 2.44. இரண்டு என்று முடித்தார்கள். 2008-இல் உப்பிலியபுரம் ஒழிந்தது. பச்சைமலை மக்கள் துறையூர் தனித்தொகுதிக்குள் போனார்கள். 2011 கணக்கில் அதே வாய்பாடு 2.58 தருகிறது. விகிதம் குறையாவிட்டால் மூன்றாவது தொகுதி திரும்ப வர வேண்டும்.

அது எங்கே அமைய வேண்டும்? பழங்குடியினர் விகிதம் மிகுந்த பகுதியில் என்கிறது தொகுதி மறுவரையறைச் சட்டத்தின் பிரிவு 9. ஜவ்வாது மலையைவிடப் பொருத்தமான இடம் எது? ஆனால் தொகுதி மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று போன முறை வகுத்த நெறி இங்கே குறுக்கே நிற்கிறது. வட ஆற்காடு 1989-இல் பிரிந்தபோது மலை இரண்டு மாவட்டங்களுக்குப் போனது, 2019-இல் மூன்றுக்கு. ஜமுனாமரத்தூர் கலசபாக்கம் தொகுதியில். பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டில். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூர் மாவட்டத்தில். ஜமுனாமரத்தூரில் ஆலங்காயம் பஸ் ஏறினால், காவலூர் வானாய்வகம் வருவதற்குள் மாவட்டம் மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் விளையும் அதே சாமைதான் அந்தப் பக்கமும். பெண் கொடுத்து எடுத்த உறவும் இரு பக்கமும் உண்டு.

மலை முழுவதையும் கூட்டினாலும் தொகுதிக்கு வேண்டிய 3 லட்சம் தேறாது என்பார்கள். தேறாதுதான். ஏற்காடும் சேந்தமங்கலமும் அடிவார ஊர்களைச் சேர்த்துக்கொண்டுதானே நிற்கின்றன? ஆணையம் இதை அறியாததல்ல. வருவாய்த் துறையும் அறியும். அடிவார நகரங்களுக்கு மாவட்டத் தலைநகர் வேண்டும் என்ற குரல் கோட்டைக்குக் கேட்டது. மலைக்கு ஒரே மாவட்டம் வேண்டும் என்பது மட்டும் இத்தனை ஆண்டுகளாக ஏன் கேட்கவில்லை? ஒவ்வொரு தொகுதியிலும் வேட்பாளர் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு மலையாளிப் பழங்குடி மக்களின் வாக்கைச் சிதறடித்துவிட்டு, அவர்களுக்குச் சாலை இல்லை, மருத்துவர் இல்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவது எந்த நிர்வாக நீதி?

மறுவரையறை ஆணை வெளியான பிறகு வழக்குப் போடலாம் என்று இருந்துவிடக் கூடாது. அப்பட்டமான தன்னிச்சை இருந்தால் ஆணையையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று கிஷோர்சந்திர ராத்தோட் வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. மாவட்டக் கோட்டைப் பின்பற்றினோம் என்று ஆணையம் சொல்லிவிட்டால் அந்த வாசலும் அடைபடும்.

எனவே நம் நிலைப்பாடு இது: மூன்று மாவட்டங்களின் மலை ஊராட்சிகளும் டிசம்பர் 31-க்குள் ஜமுனாமரத்தூர் வட்டத்தோடு சேர வேண்டும். முடியாதென்றால், மாவட்ட எல்லை நெறியை இந்த மலைக்காவது தளர்த்த வேண்டும். 2001, 2011 ஊர்வாரி அட்டவணைகள் கைவசம் உள்ளவர்கள் பழங்குடியினர் விகிதத்தைக் கணக்கிட்டு, வரைபடத்தோடு மூன்று ஆட்சியர்களுக்கும் வருவாய் நிர்வாக ஆணையருக்கும் இந்த மாதமே அனுப்புங்கள்.