மீன் தொட்டியில் கிழங்கு அழுகுவது ஏன்?

கேள்வி: மகன் மீன் தொட்டிக்கென்று பெரிய வெங்காயம் போன்ற நீர்க்கிழங்கு வாங்கி வந்தான். மணலில் முழுக்கப் புதைத்து, ஒரு பிடி தொழுவுரமும் போட்டோம். பத்தே நாளில் கிழங்கு அழுகி, மீன்களும் செத்துவிட்டன. என்ன தவறு?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: அம்மா, மீன்களைக் கொன்றது பெரும்பாலும் அந்தத் தொழுவுரம்தான். வயலுக்கு அமுதம், தொட்டிக்கு நஞ்சு. தண்ணீருக்குள் அது மட்கும்போது அம்மோனியா உண்டாகும், ஆக்சிஜன் குறையும். அழுகிய கிழங்கும் அதையே செய்யும். யூரியா, டி.ஏ.பி. பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் சொல்வது தாய்லாந்து நீர் வெங்காயமாக இருக்கலாம். நம் ஊர் விஷமூங்கிலுக்கு உறவு. ஓடும் ஓடையில் வளர்வது. ஓடைகளைத் தூர்வாரியதாலும் தோண்டி விற்றதாலும் அதன் சொந்த மண்ணிலேயே அருகிவிட்டது. ஆகவே நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும்.

தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள். நான்கு விரற்கடை மணலில் கிழங்கின் அடிப்பாகம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறங்கட்டும். கழுத்து வெளியே தெரிய வேண்டும். உரம் வேண்டுமென்றால், மீன் கடையில் கிடைக்கும் வேர் மாத்திரையை மணலுக்குள் செருகுங்கள். நட்ட பின் இடம் மாற்றாதீர்கள். இலை ஒரு மீட்டருக்கு மேல் நீளும். இரண்டடித் தொட்டிக்கு ஒத்துவராது. மீனைச் சில வாரம் கழித்தே விடலாம்.

இந்த இனக் கிழங்குகளில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி வரும். சமையலறை வெங்காயக் கூடைப் பக்கம் வைத்துவிடாதீர்கள்.