ஏரிக்கரை வயோதிகரின் அரை வேலை

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனத்தின் வழியாகப் பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையின் முடிவில், உப்பேரியையே ஜீவனமாகக் கொண்ட மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. இக்குப்பங்களில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று ஒருவரைக் காட்டுவது அரிது. வலை இழுக்கும் வலிமை குன்றியவர் கிழிந்த வலையைச் சீர்செய்கிறார். படகில் செல்ல இயலாதவர் கரையில் இருந்தபடியே இறாலையும் மீனையும் பிரித்துக் கொடுக்கிறார். அறுபதைக் கடந்த ஸ்திரீகள் மீன் கூடையைச் சுமந்து விற்கிறார்கள். இது முழு வேலையுமன்று, ஓய்வுமன்று, அரை வேலை. இந்த அரை வேலையைச் செய்பவருக்கு நமது சட்டத்தில் தக்க இடமில்லை என்பதே நாம் இன்று எடுத்துக்காட்ட விரும்பும் குறை.

வேலைக்கு அளவு வேண்டும் என்பது இந்த ஏரிக்கரைக்குப் புதிய உபதேசமன்று. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் 'பாடு' என்னும் முறையைத் தலைமுறை தலைமுறையாக அனுஷ்டித்து வருகிறார்கள். ஏரியில் இறால் அகப்படும் துறைகளில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வதே பாடு. பணமுள்ளவன் துறை முழுவதையும் விழுங்கிவிடாமலும், ஏழை தன் முறையை இழந்துவிடாமலும் காப்பது அந்த ஏற்பாடு. ஒருவனுக்கு முறை வரும் நாளும் உண்டு. வராத நாளும் உண்டு. ஆனால், பாட்டில் இடமில்லாதோரின் கதி வேறு. ஏரியின் ஓரங்களில் இருளர் முதலிய ஏழைகள் ஆணும் பெண்ணுமாக நீரில் அமர்ந்து, ஓலைப் பறியைப் பற்களால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு முறையுமில்லை, வயதுக்கேற்ற சலுகையுமில்லை.

இவ்வுழைப்பு சரீரத்தை என்ன செய்யும் என்பதை அறிய வைத்திய சாஸ்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை. உப்பு நீரும் சேறும் கை கால்களின் தோலை வெடிக்கச் செய்கின்றன. நெடுநேரம் குந்தியிருப்பதால் முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன. நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில், கண்ணில் சதை வளரவும் புரை விழவும் ஏதுவாகிறது. மறுபுறம், மிதமான உழைப்பு முதுமையில் நன்மை தருவது என்பதையும் மறுக்க முடியாது. அது தசைகளின் வலுவைக் காக்கிறது. நல்ல தூக்கத்தைத் தருகிறது. நாலு பேருடன் கலந்து பழகும் மனநிறைவையும் அளிக்கிறது.

இதைக்கொண்டு, உழைக்கும் கிழவர் சுகமாக இருக்கிறார், ஆதலால் உழைப்பே அவருக்கு மருந்து, உபகாரச் சம்பளம் எதற்கு என்று வாதிப்போர் உண்டு. இந்த வாதம் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிப் பேசுவதாகும். நோயுற்றவர் முன்னமே வேலையை விட்டுப் படுத்துவிடுகிறார். உடல் வலுவுள்ளவரே கரையில் நம் கண்ணில் படுகிறார். நின்றவரை மட்டும் எண்ணிவிட்டு வீழ்ந்தவரை மறப்பது நியாயமாகாது. வீட்டில் அடுப்பெரியும் என்ற நிச்சயத்துடன் ஒருவர் காலையில் இரண்டு மணி நேரம் வலை பின்னினால் அது அவருக்கு நன்மை. அடுப்பெரிய வேண்டுமே என்று காய்ச்சலுடன் நீரில் இறங்கினால் அதே இரண்டு மணி நேரம் அவருக்குத் தீங்கு.

மேல்நாடுகள் இவ்விஷயத்தைப் படிப்படியாகவே கற்றன. ஜெர்மனி 1889-லும், பிரிட்டன் 1908-லும் 70 வயதானோருக்கு உபகாரச் சம்பளம் வழங்கச் சட்டம் செய்தன. ஸ்வீடன் 1976-ல் ஒரு படி மேலே சென்று, 60 வயதுக்குப் பின் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்பவருக்கு, குறைந்த கூலியில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஜப்பானில் 1975-ல் டோக்கியோ நகரத்தில் முதியோருக்கு இலேசான, குறுகிய நேர வேலைகளைத் தேடித்தரும் சங்கம் தோன்றியது. 1986-ல் இத்தகைய சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. அரை வேலைக்கும் மதிப்புண்டு, அதைச் செய்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை அந்நாடுகள் ஒப்புக்கொண்டன.

நமது தேசத்திலும் முயற்சி இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித் தொகை 1962-லேயே ஆரம்பமாயிற்று. 2011-ல் 1,000 ரூபாயாகவும், 2023-ல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. மத்திய சர்க்காரின் பங்கோ 1995-ல் 75 ரூபாயாகத் தொடங்கி, 80 வயதுக்குட்பட்டோருக்கு 200 ரூபாய் என்ற அளவில் நின்றது. இவ்வுதவி ஏழை, ஆதரவற்றவர் என்ற அடிப்படையில் அளிக்கப்படுகிறது. சிறிது சம்பாதிக்கும் கிழவர் ஆதரவற்றவரா, அல்லவா? இக்கேள்விக்கு விடை உத்தியோகஸ்தரின் மனப்போக்கைப் பொறுத்ததாக இருத்தல் தகாது. 2019-ல் மத்திய சர்க்கார், அமைப்புசாராத் தொழிலாளருக்கு 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தை வகுத்தது. அதில் சேர்வதற்கான வயது 18 முதல் 40 வரை. அப்பொழுதே கூன் விழுந்திருந்த தலைமுறைக்கு அதனால் என்ன பயன்?

அரசியல் சாசனத்தின் 41-வது ஷரத்து, வேலைக்கான உரிமையையும், முதுமையில் சர்க்காரின் உதவியைப் பெறும் உரிமையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறது. உபகாரச் சம்பளம் தயவினால் இடும் பிச்சையன்று, உழைத்தவரின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 1982-ல் நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் பற்றியது. ஐம்பது வருஷம் ஊருக்கு மீன் அளித்தவர் தேசத்துக்கு உழைத்தவரல்லரா என்று கேட்கிறோம். பொக்கிஷத்தில் பணமில்லை என்பது பழைய பதில். சாசனமும் பொருளாதார சக்திக்குட்பட்டு என்றே சொல்கிறது. ஆயினும் சக்திக்குட்பட்டுச் செய் என்பதற்கு, செய்யாதிரு என்று பொருளல்ல.

ஆகையால் நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, மீன்பிடித் தொழிலில் உழைத்த ஆண் பெண் இருபாலாருக்கும், இருளர் உட்பட, 60 வயது நிறைந்ததும் உபகாரச் சம்பளம் கிடைக்க வேண்டும். அரை வேலை செய்து ஈட்டும் சிறு கூலி அதற்குத் தடையாகக் கூடாது. இரண்டாவது, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீடு தேடிக் கொண்டுவருவதைப் போல, கண், மூட்டு, தோல் நோய்களுக்கான பரிசோதனையும் குறித்த நாளில் குப்பங்களுக்கே வர வேண்டும். மூன்றாவது சர்க்காரைச் சேர்ந்ததன்று. பாடு முறையை இத்தனை காலம் காத்த ஊர்ப் பெரியோர், தளர்ந்தவருக்கும் விதவைகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்கி, வலை சீர்செய்தல் போன்ற கரை வேலைகளுக்கு நியாயமான கூலி நிர்ணயிக்க முன்வர வேண்டும்.

தேசத் தொண்டர்கள் தேர்தல் காலத்தில் மாத்திரம் ஏரிக்கரைக்குச் சென்றால் போதாது. அறுபது வயது கடந்தோர் ஒவ்வொரு குப்பத்திலும் எத்தனை பேர், உதவி பெறுவோர் எத்தனை பேர், மறுக்கப்பட்டோர் எக்காரணத்தால் மறுக்கப்பட்டனர் என்று கணக்கெடுத்துத் தாலுகா கச்சேரியின் முன் வைப்பது அவர்கள் கடமை. கிழவர் நீரில் இறங்குவது அவருடைய விருப்பமாக இருக்க வேண்டுமேயன்றி, நமது அசட்டையின் பலனாக இருக்கக் கூடாது.