எடைக்குப் போடுமுன் வாசலில் வையுங்கள்

திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடியைத் தேவஸ்தானம் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பதில்லை. நீளத்தைப் பார்த்து ஐந்து தரமாகப் பிரிக்கிறது; மிக நீளமானது முதல் தரம். ஐந்து அங்குலத்துக்குக் கீழே ஐந்தாவது. நரைமுடி தனி வகை. முதல் தரம் கிலோ இருபதாயிரம் ரூபாயைத் தாண்டிப்போன ஏலங்கள் உண்டு. அதே காலத்தில் ஐந்தாம் தரம் கிலோவுக்குச் சில பத்து ரூபாய்தான். எல்லாவற்றையும் கலந்து வைத்தால், வாங்க வருபவர் கடைசித் தரத்தை மனத்தில் வைத்தே விலை சொல்வார்.

முடி மட்டுமல்ல. உண்டியலில் விழும் கைக்கடிகாரங்களும் கைப்பேசிகளும் புதியவை, உபயோகித்தவை, ஓரளவு பழுதானவை என்று லாட் லாட்டாகப் பிரிக்கப்பட்டு மின்-ஏலத்துக்கு வருகின்றன. வஸ்திரங்களிலும் வேட்டி, புடவை, ரவிக்கைத் துணி, துண்டு, போர்வை, திரைச்சீலை எல்லாம் தனித்தனி. விவரம் வேண்டுவோர் திருப்பதி ஹரேகிருஷ்ணா சாலையில் உள்ள தேவஸ்தான அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த அலுவலகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுச் சாமான் கழிகிற விதம் முற்றிலும் வேறு. பிள்ளை வளர்ந்ததால் சும்மா நிற்கும் சைக்கிள், மருமகள் புதிது கொண்டுவந்ததால் பரணுக்குப் போன கிரைண்டர், அப்பா காலத்துத் தேக்கு மேசை எல்லாம் ஒரே தராசில் ஏறுகின்றன. பதினைந்து கிலோ சைக்கிளை இரும்பு விலைக்கு, கிலோ முப்பது ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 450 ரூபாய். காற்றடித்தால் நாளையே பள்ளிக்கு ஓட்டிப் போகக்கூடிய சைக்கிள் அது. அடுத்த தெருவில் ஒரு தகப்பன் தன் மகளுக்காக அதே மாதிரி ஒன்றை இரண்டாயிரத்துக்குக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு வீடும் சந்திக்க ஓர் இடம் நம் ஊர்களில் இல்லை.

துணிக்கு வேறொரு வழி இருக்கிறது. சித்தூர் கிரீம்ஸ்பேட்டைப் பக்கம் காலை வேலை முடிந்த நேரத்தில் பாத்திரக்காரம்மா வந்து கூடையை இறக்குவார். பழைய பட்டுப்புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பார். ஜரிகையை நகத்தால் ஒரு சுரண்டு. “ஜரிகை செத்துப்போச்சும்மா. அந்த ரெண்டு பேன்ட்டையும் சேத்துப் போடுங்க, இந்த அடுக்கைத் தர்றேன்.” வீட்டம்மாவோ, “அடுக்கு வேணாம், அந்தப் பெரிய பேசினைக் குடுக்கா” என்பார். கடைசியில் மூன்று புடவையும் ஐந்து பேன்ட்டும் போய் ஒரு பேசின் வீட்டுக்குள் வரும். பாத்திரக்காரம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் கூடை சுமந்து அலைகிற அவருக்கு ஜரிகையின் மதிப்பு தெரியும். புடவையை இருபது ஆண்டு உடுத்தியவருக்குத் தெரியாது. பேரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

அப்படியானால் ஏன் நாம் வாசலில் மேசை போட்டு நம் சாமானை நாமே விற்பதில்லை? இடம் இல்லை என்பது முதல் பதில். அது பாதி உண்மைதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்தும் தளம் ஞாயிற்றுக்கிழமை காலியாகவே கிடக்கிறது. உண்மையான தடை கௌரவம். நம் ஊரில் வீட்டுச் சாமான் வாசலுக்கு வந்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. ஜப்தி வந்திருக்க வேண்டும், அல்லது வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். “என்ன சார், ஊரைக் காலி பண்றீங்களா?” என்ற கேள்வி அன்று சாயங்காலத்துக்குள் நான்கு பேரிடமிருந்து வரும். அதற்கு அஞ்சியே, ஆயிரம் ரூபாய்ப் பொருளை நூறு ரூபாய்க்குச் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுகிறோம்.

வாங்குபவருக்கும் கூச்சம் உண்டு. யார் உடுத்தியதோ, யார் படுத்த கட்டிலோ என்ற தயக்கம். ஆனால் இந்தத் தயக்கம் பொருளைப் பற்றியதே அல்ல. பழைய மோட்டார் சைக்கிள் வாங்க யாரும் வெட்கப்படுவதில்லை. பெருமாளுக்குச் சாத்திய வஸ்திரம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குகிறோம். பிறந்த குழந்தைக்கு முதன்முதலாகப் பழைய துணியைத்தான் போடுகிறோம். நன்றாக வளர்ந்த பிள்ளையின் தொட்டிலைக் கேட்டு வாங்கிக் கட்டுகிறோம். எங்கிருந்து வருகிறது, என்ன காரணத்துக்காக வருகிறது என்று தெரிந்தால் பழையது நமக்கு விலக்கல்ல. வீட்டு வாசல் விற்பனை நம்மிடையே வேரூன்ற வேண்டுமானால் முதலில் இந்தக் காரணம் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரே வழி, ஒரு வீடாக இல்லாமல் ஒரு தெருவாகச் செய்வது. ஒரு வீட்டு வாசலில் சாமான் இருந்தால் கஷ்டம் என்பார்கள். பதினைந்து வீட்டு வாசலில் இருந்தால் சந்தை. வெளிநாடுகளிலும் நிலைத்து நின்ற விற்பனைகள் கூட்டாக நடந்தவைதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1987-இல் தொடங்கிய நெடுஞ்சாலை விற்பனை இன்று மிச்சிகனிலிருந்து அலபாமா வரை 690 மைல் நீளத்துக்கு ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. நெதர்லாந்தில் அரசர் பிறந்தநாளான ஏப்ரல் 27 அன்று ஊரே தெருவில் துணி விரித்து உட்காரும்; குழந்தைகள் தங்கள் பழைய பொம்மைகளைத் தாங்களே விற்பார்கள்.

நமக்கும் அப்படி ஒரு நாள் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. பழையன கழிக்கும் போகி. அன்று விடியற்காலை ஆந்திரத்தின் தெருமுனைகளிலும் தமிழகத்தின் வாசல்களிலும் எரிவது வெறும் குப்பை அல்ல. கால் உடைந்த நாற்காலி, பாய், ஒரு ஆணி அடித்தால் நிற்கக்கூடிய அலமாரிப் பலகை எல்லாம் தீயில் போகின்றன. டயரும் பிளாஸ்டிக்கும் வேறு சேர்ந்து புகைகின்றன. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா இருக்கும். போகிக்கு முந்தைய ஞாயிறுகளில் ஒன்றைத் தெரு விற்பனைக்கு வைத்தால், கழிப்பதற்கு ஊரே ஒப்புக்கொண்ட காரணம் கிடைத்துவிடும். திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி நெரிசல் நாட்களை மட்டும் தவிர்க்க வேண்டும். செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்க மாட்டோம் என்பவர்கள் நிறைய. ஞாயிறுக்கு அந்தச் சிக்கலும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறாக அமைந்தால் சம்பளமும் கையில் இருக்கும்.

திருப்பதியில் வாங்க ஆள் இல்லாமல் போகாது. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-இலிருந்து இருக்கிறது. 2015-இல் ஐஐடியும் ஐசரும் வந்தன. 2022 ஏப்ரல் 4-இல் தனி மாவட்டத் தலைநகரானதும் மாற்றலாகி வரும் உத்தியோகக் குடும்பங்கள் கூடின. இரண்டு வருடத்துக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு குக்கர் தேவைப்படுபவர்கள் இவர்கள். புதிதாக வாங்கி, போகும்போது எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நடத்தும் விதத்தில் கெட்டுப்போக நிறைய இடம் உண்டு. முதலில் தரம் பிரிப்பது. பாத்திரத்தைத் துலக்கி, துணியைத் துவைத்து மடித்து, புத்தகத்தைத் தூசி தட்டி வகைவகையாக அடுக்கினால்தான் ஆள் நிற்பார்கள். குவியலைக் கண்டால் எடைக்கு என்ன விலை என்றுதான் கேட்கத் தோன்றும். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்ட வேண்டும், பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு. விலை கேட்கக் கூச்சப்படுபவர் கேட்காமலே போய்விடுவார். கிரைண்டரும் மிக்சியும் ஓடுகிறது என்று வாயால் சொன்னால் போதாது. பிளக் பாயிண்ட் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். குக்கரில் கேஸ்கட் போயிருந்தால் அதைச் சீட்டில் எழுதிவிடுங்கள். குறையை மறைத்து விற்றால் அடுத்த வருடம் அந்தத் தெருவுக்கு யாரும் வர மாட்டார்கள். நோட்டீஸ் சித்தூரில் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் இருக்கட்டும். காலை ஏழுக்குத் தொடங்கி பதினொன்றுக்கு முடித்துவிடலாம். சில்லறைக்குப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களும், க்யூஆர் அட்டையும் தேவை.

இரண்டு பொருளில் எச்சரிக்கை. கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அதை விற்கக் கூடாது, ஏஜென்சியிடம்தான் திருப்பித் தர வேண்டும். பழைய கைப்பேசியை விற்பவர் தன் கணக்குகளை நீக்கித் துடைத்துத் தர வேண்டும். வாங்குபவர் ஐஎம்இஐ எண்ணை, முன்னால் KYM சேர்த்து, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியோ அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பதற்குப் பதில் தானமாகக் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கலாம். 2017-இல் திருநெல்வேலியில் அன்றைய ஆட்சியர் சந்தீப் நந்தூரி தொடங்கிய அன்புச் சுவர், வேண்டாததை வைத்துவிட்டுப் போனால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் இடம், நல்ல முயற்சி. மத்திய அரசும் 2023 மே மாதத்தில் நகரங்களில் பழைய பொருள் சேகரிப்பு மையங்களைத் திறக்கச் செய்தது. ஆனால் இலவசமாக எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் கை வராது. கட்டட வேலைக்குப் போகும் ஒருவர், இருபது ரூபாய் கொடுத்து, சட்டையைத் திருப்பிப் பார்த்து, பித்தான் இல்லை என்று ஐந்து ரூபாய் குறைத்து வாங்கும்போது அவர் வாடிக்கையாளர். அந்த உரிமையைச் சுவர் தராது.

பழைய இரும்புக்காரரின் பிழைப்பு கெடுமே என்ற கவலை நியாயமானது. அவரையும் பாத்திரக்காரம்மாவையும் விற்பனையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பதினொரு மணிக்கு மேல் மிஞ்சியது அவர்களுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், தெருத்தெருவாக அலையாமல் ஒரே இடத்தில், பிரித்து வைத்த சரக்கே அவர்களுக்குக் கிடைக்கும். ஓடாத மின்சாதனங்கள் மட்டும் மின்கழிவு எடுப்பவரிடம் போகட்டும்.

முதல் முறைக்குப் பத்து வீடு போதும். குடியிருப்போர் சங்கங்கள் கார்த்திகை மாதக் கூட்டத்திலேயே நாளைக் குறித்து, கார் நிறுத்தும் தளத்தையோ கோயில் மண்டபத்தையோ கேட்டு வாங்கிவிட்டால், பரணை ஒழித்துத் தரம் பிரிக்க வீடுகளுக்கு ஒரு மாதம் இருக்கும்.