நொதி: பொருளின் பெயரன்று, செயலின் பெயர்

பெங்களூரில் 1978இல் தோன்றிய பயோகான் நிறுவனம் தொடக்கத்தில் உற்பத்தி செய்தவற்றுள் ஒன்று, பப்பாளிப் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் பப்பாயின். அது ஒரு நொதி, புரதம். பொம்மனஹள்ளியை ஊடறுத்துச் செல்லும் ஓசூர் சாலை இன்று உயிரித்தொழில்நுட்பத்தின் முகவரிகளுள் ஒன்று. ஆயினும் நொதி எது என்னும் அடிப்படை வினாவுக்கு வகுப்பறை தரும் விடை இன்னும் பழையதே.

என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு உயிரியல் நூல், ஏறக்குறைய எல்லா நொதிகளும் புரதங்கள் என்கிறது. நொதிபோல் இயங்கும் நியூக்ளிக் அமிலங்களும் உண்டு என்று அடுத்துச் சொல்கிறது. ஆர்.என்.ஏ. இங்கே விதிவிலக்கு. 12ஆம் வகுப்பு நூலோ, பெப்டைடு பிணைப்பை உருவாக்குவது ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வே என்கிறது. இவ்விரு கூற்றுகளையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு மாணவர் தலையில் விழுகிறது.

1982இல் தாமஸ் செக்கின் குழு, டெட்ராஹைமினாவின் ஓர் ஆர்.என்.ஏ. புரதத்தின் துணையின்றித் தன் நடுப்பகுதியைத் தானே வெட்டி நீக்கி, முனைகளை இணைத்துக்கொள்வதைக் காட்டியது. மறு ஆண்டு, ஆர்.என்.ஏஸ் பி நொதியில் வினையாற்றுவது அதன் ஆர்.என்.ஏ. பகுதியே எனச் சிட்னி ஆல்ட்மன் குழுவினர் நிறுவினர். இருவருக்கும் 1989இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றை இழையான ஆர்.என்.ஏ. தன்மீதே மடிந்து குழிவுகளை அமைக்கிறது. வினைபடு தொகுதிகளை உரிய கோணத்தில் அருகருகே நிறுத்துகிறது. மக்னீசியம் அயனிகள் அதன் மின்சுமையைத் தணித்து மடிப்பை நிலைநிறுத்துகின்றன. சில வினைகளில் நேரடியாகவும் பங்கேற்கின்றன. வினை கடக்கவேண்டிய ஆற்றல் தடை இவ்வாறு தாழ்கிறது.

ரைபோசோம் பெப்டைடுப் பிணைப்பை ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு விரைவுபடுத்துவதும் பெரும்பாலும் இந்த நிறுத்தலாலேயே. 2000இல் வெளியான அதன் அணுநிலை அமைப்பில், வினை நிகழும் மையத்தைச் சூழ்ந்திருந்தது ஆர்.என்.ஏ. மட்டுமே. ரைபோசோம் ஆய்வுக்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோர் 2009இல் நோபல் பெற்றனர்.

இன்றைய உயிரணுவில் பெரும்பாலான வினைகளைப் புரதங்களே ஊக்குகின்றன என்பது மெய். நான்கு காரங்களைவிட இருபது அமினோ அமிலங்கள் தரும் வாய்ப்பு மிகுதி. எனினும் அது எண்ணிக்கையின் உண்மை. பப்பாயின் உட்பட அந்தப் புரத நொதிகளைக் கோத்துத் தருவது ஓர் ஆர்.என்.ஏ. வினையூக்கியே. விதியை ஈன்றெடுப்பதை விதிவிலக்கு என்றழைப்பது முறையாகாது.

நொதித்தல் என்னும் வினையில் வேர்கொண்ட 'நொதி' என்ற சொல், எப்பொருளால் ஆனது என்று எதையும் சொல்லவில்லை. என்ன செய்கிறது என்பதையே சொல்கிறது. பாடநூலின் வரையறையும் செயலிலிருந்தே தொடங்கட்டும், புரதமும் ஆர்.என்.ஏ.யும் அதன்கீழ் இரு வகைகளாக நிற்கட்டும்.